அந்த அறையில் மூன்று பேர்தான் இருந்தோம்

“உங்க பக்கத்துல நிக்கிற அந்தப் பொண்ணு யாரும்மா? முதல்ல அவங்கள வெளிய அனுப்புங்க.”

“யாரும் இல்லீங்க ஐயா.”

“இல்லைன்னா எப்படி? இங்க டிவியில தெரியுதேம்மா!”

இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. கேட்டவர் நீதிபதி. அறுபது கிலோமீட்டர் தள்ளி, நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். பதில் சொன்னவர் அமலராணி அக்கா. விருத்தாசலத்தில், என் கண்ணெதிரே, சக்கர நாற்காலியில் இருந்தார். 2008 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை மணி 11.24. வெளியே சுள்ளென்று வெயில். பேய்க்கு உகந்த நேரமே இல்லை. ஆனாலும் நடந்தது.

நான் அப்போது ஓர் அரசுக் கட்டிடத்தில் காணொளி இணைப்பு போட்டுத் தரும் ஒப்பந்த ஊழியன். வேலை இல்லாத நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். அவற்றில் வரும் நீதிமன்றங்களுக்கு வெளியே பனி பெய்யும். கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவார். அன்றும் அப்படித்தான் ஆகும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வழக்கு இதுதான். ஒரு செராமிக் பட்டறை. ஆர்டர் அவசரம் என்று, சூடு ஆறாத சூளைக்குள் பொம்மைகளை எடுக்கப் பூங்கோதை என்ற பெண்ணை அனுப்பினார் முதலாளி விருத்தகிரி. அவள் தாங்க முடியாமல் திரும்பியபோது, வெளியே இருந்து இரும்புக் கதவைச் சாத்தினார். “எடுத்து முடிச்சாதான் தொறப்பேன்.” கதவை இழுக்க ஓடிய அமலராணி அக்கா மேல் பக்கச் சுவர் சரிந்தது. அதற்குப் பிறகு அக்கா நடக்கவில்லை. பூங்கோதை பிழைக்கவில்லை. அங்கே இருந்த மற்ற ஏழு பேரும், “நாங்க டீ குடிக்கப் போயிருந்தோம்” என்று நீதிமன்றத்தில் கூசாமல் சொன்னார்கள். மிச்சம் இருந்த ஒரே சாட்சி அக்காதான். அவரால் பஸ்ஸில் போக முடியாது என்பதால் காணொளி.

விதி ஒன்று உண்டு. சாட்சி, நீதிமன்றம் நியமித்த ஆணையர், இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் நான். இந்த மூன்று பேரைத் தவிர அறையில் ஒருவரும் இருக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் சாட்சியம் செல்லாது. கதவை உள்ளே தாழிட்டவன் நான்தான்.

“ரெண்டு வருசமா மனசுல வச்சிருந்தத எல்லாம் மொத்தமா கொட்டிடாதம்மா. கேட்டதுக்கு மட்டும் சொல்லு” என்றார் ஆணையர், வக்கீல் கொளஞ்சியப்பன்.

“கேட்டாத்தானே சார் சொல்றதுக்கு? ஒன்பது வாய்தா போட்டாங்க. இன்னும் ஒருத்தரும் கேக்கல.”

11.05. சோதனை இணைப்பு. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்த என் நண்பன் ஜூடு போனில் சொன்னான்: “படம் வந்துடுச்சிடா. ரெண்டு பொம்பளைங்களும் நல்லா தெரியுறாங்க.”

கொளஞ்சியப்பன் சாரைத்தான் பொம்பளை என்று கிண்டல் செய்கிறான் என நினைத்துச் சிரித்துவிட்டேன்.

11.16. அக்காவின் பக்கத்தில் கிடந்த காலி இரும்பு நாற்காலியை நகர்த்தினேன். கை சுட்டது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

11.20. டக்... டக்... டக்...

“அங்க யாரு கதவத் தட்டுறது?” என்றது டிவியில் இருந்து நீதிபதியின் குரல்.

சத்தம் எங்களுக்கும் கேட்டது. ஆனால் எங்கள் கதவை யாரும் தட்டவில்லை. அக்காவின் முகம் வெளுத்தது. “அப்படித்தாங்க ஐயா தட்டுனா... சூளைக்குள்ள இருந்து.”

11.24. அந்தக் கேள்வி வந்தது.

எங்கள் டிவியின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். நாங்கள் அனுப்பும் படம் அதில் தெரியும். பார்த்தேன். அக்கா மட்டும்தான் இருந்தார்.

கேமராவை இடது பக்கம் திருப்பினேன். வலது பக்கம்...

“திருப்பாதப்பா. அந்தப் பொண்ணு கேமராவையே பாக்குது” என்றார் நீதிபதி.

“சொல்லிக்குடுக்க ஆள் வச்சிருக்காங்க, யுவர் ஆனர்!” முதலாளியின் வக்கீல் கத்தினார்.

11.30. கொளஞ்சியப்பன் எழுந்தார். தாழை நீக்கினார். கதவைத் திறந்தார். வெறும் காற்றைப் பார்த்து, “போம்மா... வெளிய போம்மா” என்றார்.

பிறகு கேமராவிடம், “அனுப்பிட்டேங்கய்யா.”

என் முழங்கையை உரசிக்கொண்டு அனல் ஒன்று போனது.

“ம்... இப்ப போயிட்டாங்க.”

போய்விட்டாள்.

சொன்னதும்...

போய்விட்டாள்.

முதலாளியின் வக்கீல் விடவில்லை. “அப்போ இவ்வளவு நேரம் வெளியாள் இருந்தது உண்மை. ஆணையரே ஒத்துக்கிட்டாரு.”

11.33. இணைப்பைத் துண்டித்தார்கள்.

“யாரைய்யா அனுப்புனீங்க? சொல்லுங்க, யாரை?” அக்கா நாற்காலிக் கையில் அடித்து அடித்துக் கேட்டார்.

“அனுப்பிட்டேன்னு சொன்னா விட்டுட்டு மேல கேப்பாங்கன்னு நெனைச்சேம்மா...”

“பொய் சொன்னவன் ஏழு பேரும் வூட்டுல சுகமா இருக்கான். நெசம் சொல்ல வந்தவ நான். என் வாய அடைச்சிட்டீங்களே! நீ என்ன தம்பி கல்லு மாதிரி நிக்கிற? நீ பாத்துக்கிட்டுதானே இருந்த?”

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘யாரும் இல்லை’ என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு என் மேல் இன்னும் ஆறவில்லை.

சாட்சியம் செல்லாது என்றார்கள். ஜூன் மாதம் விருத்தகிரி விடுதலை. அன்று சாயங்காலம் பட்டறை வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தார்கள். காகிதக் குப்பையைப் பெருக்கியதும் அங்கே வேலை செய்த பெண்கள்தான்.

அடுத்த வாரம் ஜூடு ஊருக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். “முடிய துண்டால கட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் வெள்ளை மண்ணோட நின்னுச்சிடா அந்தப் பொண்ணு. கூண்டுல நின்ன முதலாளி ஒரே ஒரு தடவ டிவியப் பாத்தாரு. அப்புறம் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு.”

பூங்கோதையின் படம் வந்திருந்த பழைய செய்தித்தாளைக் காட்டினேன். ஜூடு டீயைத் தொடவில்லை. பையில் இருந்து குறிப்பேட்டை எடுத்தான். காதில் விழுவதை எல்லாம் எழுதிக்கொள்வது அவன் பழக்கம். 11.29க்கு ஒரு வரி எழுதியிருந்தான். எங்கள் அறையில் எனக்குக் கேட்காத குரல் அது. நீதிமன்றத்தில் எல்லோருக்கும் கேட்டதாம். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சாட்சியப் பதிவின் தட்டச்சிலும் ஏறவில்லை.

விரலை வைத்து மெல்லப் படித்தான்.

“ஐயா... என்னையும் ஒரு வார்த்தை கேளுங்களேன்...”