வில்லோக் கதியால்

பிரெஞ்சு பேசும் லொங்குய்யில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் முன்வேலி கிடையாது. குடிவந்த புதிதில் இது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. ஒரு வீட்டுப் புல் எந்த வெட்கமுமில்லாமல் அடுத்த வீட்டுப் புல்லோடு போய்ச் சேர்ந்துவிடும். யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று அறிய, சனிக்கிழமைகளில் புல்வெட்டும் இயந்திரம் எந்த இடத்தில் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பதினொரு வருடமாகிவிட்டது, இன்னும் தெருவில் நடக்கும்போது என் கண் எல்லையைத்தான் தேடுகிறது. டோர்வல் விமான நிலையத்தில் நாள் முழுவதும் ஊரார் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பஸ்ஸும் மெத்ரோவும் மாறி வீடு வந்து விழுகிறவனுக்கு இது தேவையில்லாத வேலை. ஆனாலும் யாழ்ப்பாணத்துக் கண் அப்படித்தான் பழகியிருக்கிறது.

பின்வளவில் மட்டும் ஒரு வேலி இருந்தது. எங்களுக்கும் பக்கத்து வீட்டு மதாம் லிஸெத்துக்கும் நடுவே, வீடு வாங்கும்போதே நின்ற செடார் மர வேலி. மதாம் எழுபது வயதைத் தாண்டியவர், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தனியே இருக்கிறார். இரண்டு வளவும் பள்ளம். பனி கரையும் காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். அந்தத் தண்ணீருக்குள் நின்று நின்று செடார்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்து பழுப்பாகிச் செத்துப்போயின. என் மனைவி ரஜனிக்கு மண் கொட்டி மேடாக்கிக் கல் பதிக்கவேண்டும் என்று ஆசை. மதாம் வந்து, அப்படிச் செய்தால் தண்ணீர் எங்கே போகும், ஒன்றில் உங்கள் பேஸ்மென்டுக்குள், இல்லாவிட்டால் என் பேஸ்மென்டுக்குள் என்றார். இந்த மண்ணுக்குரிய வில்லோ மரத்தை நடலாம், அது ஈரத்தில் நின்று சந்தோஷமாக வளரும், வெட்ட வெட்ட அடர்ந்து வேலியாகும், வசந்தத்தில் வேறெதுவும் பூக்குமுன் அது பூத்துத் தேனீக்களுக்குச் சாப்பாடு போடும், குருவிகள் கூடு கட்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பின்னால் இன்னும் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பதுபோல உரத்தும் வேகமாகவும் பிரெஞ்சு பேசுகிறவர். எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கியதில் முக்கியமானது ஒன்று: வில்லோவுக்கு வேரும் வேண்டாம், கன்றும் வேண்டாம், தடியை வெட்டி ஊன்றினால் போதும். அட, இது ஊரில் வேலிக்கு ஊன்றும் எங்கள் கதியால்.

மொட்டு விரியுமுன், மதாம் தன் தங்கையின் பண்ணையில் வாய்க்கால் கரையில் நின்ற வில்லோவிலிருந்து நாற்பது தடிகள் வெட்டிக்கொண்டு வந்து வாளித் தண்ணீரில் வைத்திருந்தார். அவர் ஒரு தடியை நட்ட விதத்தைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. அடியைச் சரித்துச் சீவி, பட்டை கிழியாமல், கணு மேல்நோக்கி நிற்கும்படி ஆழமாக இறக்கி, காலால் சுற்றிவர மிதித்து இறுக்கிக் காட்டினேன். ஊரில் தோட்டக்காரனா என்று கேட்டார். இல்லை, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும் என்றேன். இந்த நாட்டில் என்னை யாரும் ஒரு வேலைக்காக மெச்சியது குறைவு. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வீடு வாங்கும்போது தந்த அளவைப் படத்தை எடுத்துவந்து, கயிறு பிடித்து, எல்லைக்கோட்டில் ஒரு விரற்கடை பிசகாமல் நாற்பதையும் நட்டேன். மதாம் அந்தக் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்.

வேலிக்காகக் கயிறு பிடித்தது என் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. முதல் முறை நான் ஊரில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வளவுக்கும் பெரியப்பாவின் வளவுக்கும் நடுவே கிளுவைக் கதியால் வேலி. பெரியப்பா குடும்பத்தோடு மடுத் திருவிழாவுக்குப் போயிருந்த நாட்களில் ஐயா வேலியைப் பிடுங்கிப் புதிதாக அடைத்தார், அவர்களுடைய பக்கமாக ஒரு முழம் தள்ளி. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்குத் தெரியும், ஐயாவுக்கும் எனக்குத் தெரியுமென்று தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. திரும்பி வந்த பெரியப்பா வேலியடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அதன்பிறகு அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை, ஐயாவின் செத்தவீட்டுக்குக்கூட. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு சண்டை வந்தது, எல்லாரும் இடம்பெயர்ந்தோம், வேலியும் அழிந்தது. அக்கா மட்டும் திரும்பிப்போய் அந்த வீட்டில் இருக்கிறா. போன வருடம் பெரியப்பாவின் மகன் அன்ரன் அண்ணையும் வன்னியிலிருந்து திரும்பிவந்து, பழைய எல்லை உங்கள் பக்கம் உள்ளே இருந்தது, ஒரு முழம் எங்களுடையது என்று சொல்லத் தொடங்கினார். பழைய ஆட்கள் யாராவது எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தால் முடித்துவிடலாம் என்று கிராம அலுவலர் சொல்லியிருக்கிறார். அந்த வேலி அடைத்தபோது நின்ற ஆட்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன். ஐயா போட்ட இடத்தில்தான் வேலி எப்போதும் இருந்தது என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பு என்று அக்கா வாராவாரம் கேட்டா. வேலை, களைப்பு, பிறகு எழுதுகிறேன் என்று நானும் வாராவாரம் சொன்னேன். களைப்பு பொய்யில்லை. ஆனால் கடிதம் எழுதாததற்கு அது காரணமில்லை.

வில்லோ நட்ட அடுத்த வாரம் வேலை முடிந்து வந்து பின்வளவைப் பார்க்கிறேன், என் கோட்டில் தடிகள் இல்லை. வெறும் குழிகள், அவற்றில் தண்ணீர். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. குழிகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. அளவைப் படத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு, சப்பாத்துச் சேற்றோடு மதாமின் கதவைத் தட்டினேன். இது என் எல்லை, யாரைக் கேட்டுப் பிடுங்கினீர்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் கொட்டினேன். நிழல் விழுந்துவிடும் என்று பயப்படுகிறேன் என நினைத்தாரோ என்னவோ, நோன் நோன், கவலைப்படாதே என்று என் தோளில் தட்டி வளவுக்குக் கூட்டிப்போனார். நாற்பது தடிகளும் அவருடைய நிலத்துக்குள், கோட்டிலிருந்து இரண்டு முழத்துக்கு மேலே தள்ளி நின்றன. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, கணு மேல்நோக்கி.

வில்லோ அகலமாக வளரும், கோட்டில் நின்றால் உன் மனைவியின் மிளகாய்ப் பெட்டிகளை மூடிவிடும் என்றார் மதாம். என் பக்கம் வெறும் சேறுதானே, எனக்கு அங்கே தவளையும் குருவியும் வந்தால் போதும் என்றும் சொன்னார். அப்படியானால் இந்த இரண்டு முழம் யாருடையது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன். "புல் வளர்ந்தால் நீ வெட்டு," என்றார், "எனக்கு முதுகு வலி." வேலி ஒன்று வைத்தவரின் பக்கமாகவே நகர்ந்ததை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. அவர் உள்ளே போனபிறகும் நம்பாமல் நாடாவைப் போட்டு மூன்று தரம் அளந்தேன்.

ரஜனி ஜன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "உங்களுக்கு இங்கயும் ஒரு வழக்கு வேணுமோ?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கயிறு பிடித்த கதையை முதல் முறையாக அவளிடம் சொன்னேன். அவள் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து அக்காவை அழைத்தேன்.

"அக்கா, அது எங்கட இல்லை. ஐயா ஒரு முழம் தள்ளித்தான் போட்டவர். நான்தான் கயிறு பிடிச்சனான். அப்பிடித்தான் எழுதப் போறன்."

அக்கா அழுவா என்று நினைத்தேன், அழவில்லை.

"எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனி, தம்பி? ஓம், எழுது. உனக்கு மனம் லேசாகும். வேலிக்குள்ள இருக்கிறது நான்தானே."

எழுதினேன், கையெழுத்து வைத்தேன், அனுப்பினேன். மனம் லேசாகத்தான் இருந்தது, அக்கா சொன்னபடியே. வில்லோ மளமளவென்று துளிர்த்தது. கூடு கட்டுமளவுக்கு இன்னும் வளரவில்லை, ஆனால் தோளில் சிவப்புப் பட்டை வைத்த கறுப்புக் குருவியொன்று தடியின் நுனியில் வந்திருந்து, வளவு முழுவதும் தன்னுடையது என்பதுபோலக் கத்தியது. தவளைகளும் வந்துவிட்டன. வேலையால் வந்து களைத்து விழாமல் கொஞ்ச நேரம் பின்படியில் இருக்கப் பழகினேன். நான் நல்லவன் என்ற எண்ணம் எனக்கு மூன்று மாதம் நிலைத்திருந்தது.

ஆவணி மாதம் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. கீழே ஒரு வரி: நீ சொன்ன இடத்தில போட்டாச்சு. புதுக் கிளுவைக் கதியால்கள், அவற்றுக்குப் பின்னால் தகரம். வேலி நேராக வந்து, கிணற்றுக்கும் உடுப்புத் தோய்க்கும் கல்லுக்கும் நடுவால் போகிறது. கிணறு அக்காவின் பக்கம், கல் அந்தப் பக்கம். நான் வேலியின் நேர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை வாங்கிப் பார்த்த ரஜனிதான் கேட்டாள்:

"அப்ப அக்கா எங்க தோய்க்கிறா?"

மதாம் லிஸெத் தந்தது அவருடைய சேறு. நான் தந்தது அக்கா குனிந்து நிற்கும் இடம். உண்மையைத்தான் எழுதினேன், மறுபடியும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் இங்கிருந்து எழுதிவிட்டு இங்கேயே இருந்துகொண்டேன். படம் வந்த நாளிலிருந்து அக்கா போனை எடுப்பதில்லை. ஞாயிறுகளில் வில்லோவுக்கும் என் பழைய குழிகளுக்கும் இடையில், அளவைப் படத்தில் மதாமுடையதாகவும் புல்லில் என்னுடையதாகவும் கிடக்கும் அந்த இரண்டு முழத்தில் நின்று அழைக்கிறேன். அங்கே மணி போகிறது.