மாற்றி வைத்த வெள்ளி டாலர்

ஜெர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்னில் பஸ் கழுவும் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடமாகியும், பஸ்ஸுக்குள் கிடந்த எந்தப் பொருளையும் பென்ஜமின் தன் பையில் போட்டதில்லை. குடை, கைபேசி, ஒருமுறை கலியாண மோதிரம் என்று எது கிடைத்தாலும் அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அடுத்த பஸ்ஸுக்குப் போவார். அதனால்தான் போன மே மாதம் தான் செய்த காரியத்தை அவராலேயே நம்ப முடியவில்லை.

மன்னார் பேசாலையில் பிறந்தவர் அவர். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. இருந்த ஒரே பைத்தியம் அமெரிக்க வெள்ளி டாலர்தான். நூற்றுநாற்பது வருடத்துக்கு முன் கார்சன் சிட்டி என்ற ஊரில் அடித்த, ஒரு பக்கம் பெண் தலை பொறித்த நாணயங்கள் அவை. மூட்டை மூட்டையாக அரசாங்கக் கிடங்கில் கிடந்தவற்றை எழுபதுகளில் வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடி, கறுப்புப் பெட்டியில் ஒரு அட்டையோடு அமெரிக்க அரசாங்கமே மக்களுக்கு விற்றது. கைசர்ஸ்லவுட்டர்னைச் சுற்றி அமெரிக்கப் படைமுகாம்கள் இருந்ததால் பழைய சாமான் சந்தைகளில் அப்படியான பெட்டி எப்போதாவது தலைகாட்டும். சேர்க்கிறவர்களுக்கு உறையும் நாணயத்தைப் போலவே முக்கியம். உறை உடைந்தால் இனி அதைச் செய்து தர யாரும் இல்லை.

இந்தப் பைத்தியத்தில் அவருக்குத் துணை ஜேசுரட்ணம். எழுபத்துமூன்று வயது. பாசையூர்க்காரர், மனைவியை இழந்தவர், ஒரு காலத்தில் முகாம் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். இரண்டு பேரும் சந்தையில் சேர்ந்து தேடுவார்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்தால் ஜேசுரட்ணத்தின் வீட்டு மேசையில் பெட்டிகளைப் பரப்பிவைத்துக்கொண்டு மத்தியானம் வரை இருப்பார்கள். இரண்டு பேரிடமும் 1885ஆம் ஆண்டு டாலர் இருந்தது. ஜேசுரட்ணத்தினுடையது நேற்று வாங்கியதுபோல இருக்கும். பென்ஜமினுடையது தபாலில் வந்தபோதே உறையின் மூலை வெடித்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சோற்றில் கல் கடிபட்டதுபோல இருக்கும்.

மே மாதம் ஜேசுரட்ணத்துக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி வீட்டுத் திறப்பைப் பென்ஜமினிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டாம் வாரம் பென்ஜமின் தண்ணீர் ஊற்றப் போனபோது, சட்டைப் பைக்குள் தன்னுடைய 1885 இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் கொண்டுபோகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்த்தார். ஒரே ஆண்டு, ஒரே வெள்ளி. வித்தியாசம் பிளாஸ்டிக்கில் மட்டும்தானே என்று மனம் சொன்னது. வெடித்ததை அலுமாரியில் வைத்துவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டு வந்தார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனதால் பாதிப் படியில் திரும்பி ஏறவேண்டியிருந்தது.

அன்றைக்குப் பிறகு அந்த டாலரை அவர் ஒருமுறைகூட ஆசையாகப் பார்க்கவில்லை. பெட்டியோடு உடுப்பு அலுமாரியின் அடியில் கிடந்தது.

ஜேசுரட்ணம் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அவரே பேச்சை எடுத்தார். கோபமாக இல்லை. வெட்கப்பட்டுச் சொன்னார். "பென்ஜமின், எண்பத்தைஞ்சை நான் எப்பவோ விழுத்திப்போட்டன் போல கிடக்கு. விழுத்தினது ஞாபகமே இல்லை. அதைவிட, அந்தப் பொம்பிளையின்ர கன்னத்தில ஒரு சின்னக் கோடு இருந்ததெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இப்ப பாத்தா அதுவும் இல்லை."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பென்ஜமின் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, வயசு போனால் அப்படித்தான் அண்ணை என்றார். அந்த ஒரு வசனம்தான் பிறகு அவரை அதிகம் வதைத்தது.

ஜெர்மனியின் வடக்கே பிறேமனில் இருந்த ஜேசுரட்ணத்தின் மகள் சுஜீவா, தகப்பனைத் தன்னோடு வந்திருக்கச் சொல்லி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தனியாகச் சமைத்து, தன் பாட்டில் வாழ்கிறவர் இதுவரை மசியவில்லை. இப்போது அவராகவே டாலர் கதையை மகளிடம் சொன்னார். அவள் பயந்துபோய் மறதிக்கு டாக்டரைப் பார்க்க நேரம் எடுத்தாள். டாக்டர் ஒரு மணிக்கூடு வரையச் சொன்னாராம், ஐந்து சொல்லைச் சொல்லி நினைவு வைக்கச் சொன்னாராம். பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஜேசுரட்ணம் நம்பவில்லை. கோப்பையைத் தூக்குமுன் கையை ஒருதரம் உற்றுப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் மகளிடம் போக முடிவெடுத்து, வாடகை வீட்டை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார்.

அடுத்தடுத்த தமிழ்ப் பூசைகளில் பென்ஜமின், பாவத்தோடு வாங்கக்கூடாதென்று, நற்கருணை வாங்க எழும்பவில்லை. இரண்டாம் முறை மனைவி புஷ்பமலர், உடம்புக்கு ஏதும் ஏலாதோ என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பினார். அவளிடமும் பொய் சொன்ன கணக்கு அதோடு சேர்ந்தது.

நவம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை சாமான் கட்ட உதவிக்குப் போனார். சட்டி பானைகளைக் கடதாசியில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஜேசுரட்ணம் டாலர்ப் பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

"இதுகளை நீர் கொண்டுபோம். என்ர கையில இருந்தா எல்லாம் உடைஞ்சுபோம். உம்மட்டை எண்டால் பத்திரமாயிருக்கும்."

பென்ஜமின் பையை மேசையில் வைத்தார். எழுந்து நின்றார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டையும் உடைக்கேல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில இருக்கேக்க நான்தான் மாத்தி வைச்சனான். வெடிச்சது என்ரை. உங்கடை என்ர வீட்டில கிடக்கு."

ஜேசுரட்ணம் கேட்ட முதல் கேள்வி பென்ஜமின் எதிர்பார்த்தது அல்ல.

"கன்னத்தில கோடு இருக்கோ?"

"ஓம், இருக்கு."

கிழவர் கதிரையில் மெல்ல இருந்தார். முகத்தில் ஒரு கணம் சிறுபிள்ளைச் சந்தோசம் வந்து போனது. அது போன பிறகு வந்ததைப் பார்க்க பென்ஜமினால் முடியவில்லை, நிலத்தைப் பார்த்தார்.

"ஐஞ்சு மாசம் நான் என்ர கையைப் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றார் ஜேசுரட்ணம். "டாக்குத்தருக்கு முன்னால மணிக்கூடு கீறினனான். நீர் அதுக்குப் பிறகும் இஞ்ச வந்து தேத்தண்ணி குடிச்சனீர். டாலரைக் கேட்டிருந்தால் தந்திருப்பன்."

பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சுஜீவாவுக்கு நீரே சொல்லும். இப்ப போம்," என்றார்.

பென்ஜமின் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தார். தன்னுடைய வெடித்த டாலர் வாசலிலேயே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அன்று பின்னேரம் சுஜீவாவுக்கு அழைத்து, எதையும் குறைக்காமல் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு குசினிக்குப் போய்ப் புஷ்பமலரிடமும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, "என்னட்டைச் சொல்லவும் இவ்வளவு நாளோ?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். கடிதத்தைத் திரும்பப் பெற வழியில்லை. ஜேசுரட்ணம் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. ஆனால் மகள் வீட்டில் தங்கமாட்டேன், பக்கத்தில் ஒரு அறை பார் என்று அடம்பிடித்து, தனியாக ஒன்று எடுத்துக்கொண்டார். சாமான் ஏற்றும் நாளில் யாரும் கூப்பிடாமலே பென்ஜமின் போனார். குளிர்சாதனப் பெட்டியையும் கட்டிலையும் தூக்க விட்டார்கள். டாலர்ப் பையை மட்டும் ஜேசுரட்ணம் யாரிடமும் கொடுக்கவில்லை. வாகனத்தில் முன்னுக்கு ஏறி, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

பென்ஜமின் இப்போது சந்தைக்கே போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிறேமனுக்குத் தொலைபேசி எடுக்கிறார். சில ஞாயிறு ஜேசுரட்ணம் எடுத்து, அங்கே காற்று மோசம், மீன் மலிவு என்று இரண்டு கதை சொல்வார். சில ஞாயிறு எடுக்கமாட்டார்.