நண்டுக்காரரின் பதில்கள்

'நண்டு' என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் முதல் பதிப்பு வெளிவந்த நாள் 2012 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. எழுதியவர் ஒருவர், அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. விலை கிடையாது, விளம்பரமும் கிடையாது. திரையின் வலது மூலையில் சிவப்பு நண்டு ஒன்று தெரிந்தால் தமிழில் தட்டலாம்; அது சாம்பல் நிறமானால் தட்ட முடியாது. 'உதவி' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி இருந்தது: 'யோசித்துப் பாருங்கள், புரியும்.' பயன்படுத்தியவர்கள் அவருக்கு வைத்த பெயர் நண்டுக்காரர். 2016 ஜூன் தொடங்கி நண்டுக்காரரின் பெயரில் போன பதில்கள் எல்லாவற்றையும் எழுதியவர் அவருடைய அக்கா. அது நண்டுக்காரருக்குத் தெரியாது.

அக்கா கண் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் இருந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, பார்வை மங்கி, பொறுமையும் மங்கி வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைப்பதுதான் அவள் தொழில். "கொஞ்சம் உட்காருங்க, அடுத்து உங்களைத்தான் கூப்பிடப்போறோம்" என்பாள். அதற்குப் பிறகு நாலு பேர் உள்ளே போனாலும், அதைக் கேட்டவர் முணுமுணுக்காமல் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவமனையின் தொலைபேசி அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுப்பாள். அன்றைக்கெல்லாம் அந்த வாக்கியம் மூன்றாம் மாடி வீட்டின் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பும்.

அந்த வீட்டின் பின்னறையில் தம்பி இருந்தான். மூன்று நிறுவனங்களில் சேர்ந்து, மூன்றிலும் மேலாளரோடு மல்லுக்கு நின்று வெளியேறியவன். கப்பலில் வேலை பார்த்த அக்காவின் கணவர், கரையில் இருக்கும் மாதங்களில் பின்னறைக் கதவைத் தாண்டும்போது குதிகாலைத் தூக்கி நடப்பார். "கடல்ல புயல் வந்தா முன்கூட்டியே ரேடியோவுல சொல்லிடுறாங்க. உன் தம்பிக்கு அந்த வசதியும் இல்லையே" என்பார்.

தம்பியின் திரை கறுப்பு, எழுத்துகள் பச்சை. மவுஸ் என்ற பொருளை அவன் தொடுவதில்லை. ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய விசைப்பலகை ஒன்று, விசைக்கு விசை பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போடும். அதைத் தவிர வேறெதிலும் அவன் விரல் வைக்கமாட்டான். அக்காவின் கணினித் திரையில் பூப்படம், அதன்மேல் வண்ண வண்ணச் சின்னங்கள். "சந்தைக்கடை மாதிரி வச்சிருக்கே. இதுல எப்படித்தான் வேலை செய்றியோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிகள். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒருமுறை பெரியண்ணன் வீட்டுக்கு வந்தபோது, தம்பி குளித்து வருவதற்குள் அவன் கணினியில் சிதறிக்கிடந்த கோப்புகளை நல்லெண்ணத்தோடு ஒரே பெட்டிக்குள் அடுக்கிவைத்தார். தம்பி ஈரத்தலையோடு வந்து பார்த்தான். சத்தம் போடவில்லை. கடவுச்சொல்லை மாற்றினான். அன்றோடு பெரியண்ணனிடம் பேச்சை நிறுத்தினான். ஆறு ஆண்டுகள் ஆகியும் திரும்பத் தொடங்கவில்லை. பழைய நண்பர்கள் இருவரும் அதே வழியில் போனார்கள். அவனோடு நாலு வார்த்தை பேசக்கூடிய மனிதர் என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அக்கா ஒருத்திதான்.

நண்டுக்கு வரும் மின்னஞ்சல்களின் அஞ்சல்பெட்டி அவள் கைக்கு வந்தது பெரியண்ணன் விவகாரத்துக்குச் சில வாரங்கள் கழித்து. யாரோ ஒருவர், "உங்கள் நண்டு கடிக்கிறது" என்று நகைச்சுவையாக ஒரு குறை எழுதியிருந்தார். தம்பி அவருக்கு எழுதிய பதிலை அக்கா தற்செயலாகப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"இப்படியாடா எழுதுவே? அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணாரு?"

"முட்டாளுக்கு முட்டாள்னு சொன்னாத்தானே தெரியும்? இந்தா, பாஸ்வேர்டு. குப்பைய நீயே கூட்டு. வர்றத எல்லாம் அழிச்சிடு."

அழிக்கத்தான் உட்கார்ந்தாள். முதல் கடிதம் ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து. இரண்டாவது தன் தந்தையின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த மகனிடமிருந்து. வரவேற்பு மேசையில் இருப்பவளால் வந்தவரை வாசலோடு அனுப்ப முடியுமா? பதில் எழுதினாள். கீழே 'நண்டு' என்று மட்டும் போட்டாள். மென்பொருள் பற்றிய சந்தேகங்களைச் சாப்பாட்டு நேரத்தில் தனக்கே வந்ததுபோல் தம்பியிடம் கேட்டு, அவன் சொன்னதில் வசவைக் கழித்து மிச்சத்தை அனுப்பினாள். நண்டுக்காரர் பொறுமைசாலி என்ற பெயர் ஊர்விட்டு ஊர் பரவியது.

வினை பேக்ஸ்பேஸ் விசையில் வந்தது. மற்ற மென்பொருள்களில் 'கே' என்று தட்டிவிட்டு அந்த விசையை அழுத்தினால் கொம்பு மட்டும் போகும், 'க' நிற்கும். நண்டில் முழு எழுத்தும் போய்விடும். "பாதி எழுத்துன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது" என்பது தம்பியின் சித்தாந்தம். தட்டியதை மறுபடி தட்டி மாய்ந்துபோனவர்கள் கெஞ்சி எழுதினார்கள். அக்கா ஒருநாள் பக்குவமாகக் கேட்டுப் பார்த்தாள்.

"வேணுங்கறவங்களுக்கு ஒரு ஆப்ஷன் வச்சிட்டுப் போயேன்."

"ஆப்ஷன் வைக்கிறது கோழைத்தனம். எது சரின்னு தெரியாதவன்தான் ஆப்ஷன் வைப்பான்."

அந்தச் சமயத்தில்தான் ஒரு பதிப்பகத்தின் தட்டச்சாளர் எழுதினார். பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பதாகவும், ஒவ்வொரு எழுத்தையும் இருமுறை தட்டி வலது கைச் சுண்டுவிரல் வீங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். அக்கா விரலைப் பற்றி விசாரித்தாள். ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். பிறகு, கை தன்னைமீறிப் போனதுபோல், அடுத்த பதிப்பில் அந்த வசதி வந்துவிடும் என்று எழுதி அனுப்பியும்விட்டாள்.

2022 மார்ச்சில் அதே பதிப்பகத்திலிருந்து அஞ்சலில் அழைப்பு வந்தது: நாற்பது பேர் நண்டில் வேலை செய்கிறார்கள். இவ்வளவு பொறுமையான மனிதர் எங்களோடு வந்து சேர்ந்தால் நலம். வாக்களித்த வசதியைப் பற்றியும் பேசலாம். நாலு ஆண்டுகளாக வேலையில்லாத தம்பிக்குக் கதவு திறக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் அவளுடைய பொய் உட்கார்ந்திருக்கிறது. போகவேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாக்களித்த சங்கதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"போறேன்" என்றான் தம்பி. "நாப்பது பேரும் தப்பாத்தான் தட்டிக்கிட்டு இருப்பாங்க. நேர்ல பார்த்துச் சொல்லணும்."

மார்ச் 16, புதன்கிழமை. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்காவும் கிளம்பினாள். அவனுடைய விசைப்பலகை துணிப்பையில் அவள் மடியில் இருந்தது. பேருந்தில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள்; ஒவ்வொரு முறையும் ஒரு நிறுத்தம் வந்து யாராவது ஏறினார்கள்.

"அங்க நான் பேசறேன். நீ தலைய மட்டும் ஆட்டு, போதும்."

"நான் என்ன மாடா?"

ஐந்தாம் மாடியில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வரிசை வரிசையாகத் தட்டச்சாளர்கள். தம்பி நடந்துகொண்டிருந்தவன் நின்றான். ஒவ்வொரு திரையின் மூலையிலும் ஒரு சிவப்பு நண்டு. தான் எழுதியதை முன்பின் தெரியாதவர்கள் பயன்படுத்தி அவன் பார்த்ததே இல்லை. அக்கா முழங்கையைத் தொட்டு அழைத்துப் போகவேண்டியிருந்தது.

பதிப்பாசிரியர் நடுத்தர வயதுப் பெண்மணி; எழுந்து நின்று வரவேற்றார்.

"உங்களை வயசானவரா நினைச்சிருந்தேங்க. அவ்வளவு பொறுமை!"

"யாருக்கு?" என்றான் தம்பி.

அக்கா இருமினாள். பதிப்பாசிரியர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பேச்சு மெல்ல ஓடியது. தன் விசைப்பலகையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு தம்பி ஓரிரு வார்த்தைகளில் பதில் சொன்னான். கண்ணாடித் தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்குகிறவள்போல் அக்கா உட்கார்ந்திருந்தாள். இப்படியே முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்த நேரத்தில், "ஒருத்தர் உங்களைப் பார்க்கணும்னு காலையிலேருந்து தவிச்சுக்கிட்டிருக்காங்க" என்று பதிப்பாசிரியர் கதவைத் திறந்தார்.

உள்ளே வந்த தட்டச்சாளருக்குச் சுண்டுவிரலில் வெள்ளைக் கட்டு.

"சார், நீங்கதானா? எங்க வீட்ல எல்லாரும் உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க. ஒத்தடம் கொடுக்கச் சொன்னீங்களே, அதுல கொஞ்சம் வீக்கம் வத்திடுச்சு சார். அந்த வசதி எப்ப வரும்னுதான் காத்துக்கிட்டிருக்கேன். நீங்க எழுதின ஒரு வரிய அடிக்கடி சொல்லிக்குவேன். 'சற்றுப் பொறுத்திருங்கள், அடுத்து உங்களைத்தான் அழைக்கப்போகிறோம்'னு. படிக்கும்போதே ஒரு தைரியம் சார்."

அப்படி எழுதினோம் என்பதே அக்காவுக்கு அந்தக் கணத்தில்தான் நினைவுக்கு வந்தது. தம்பி மெதுவாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். சுவருக்கு அப்பாலிருந்து ஞாயிறு தவறாமல் அவன் கேட்ட வாக்கியம்.

"அத நான் எழுதல" என்றான். "எங்க அக்கா எழுதினது."

"உதவிக்கு இருந்து எழுதிக் கொடுத்தாங்களா?" பதிப்பாசிரியர் கரையேற ஒரு படகை அனுப்பினார். அக்கா அதைப் பிடிக்கக் கையை நீட்டுவதற்குள், "எனக்குத் தெரியாம எழுதியிருக்கா. ஆறு வருஷமா" என்று தம்பி அதைக் கவிழ்த்தான்.

"அப்படின்னா அந்த வசதி..."

"வராது."

தட்டச்சாளரின் முகம் வாடியது. தம்பி எழுந்தான். வாசலுக்குப் போவான் என்று அக்கா நினைத்தாள். அவன் தட்டச்சாளரைப் பார்த்து, "உங்க இடம் எது? தட்டுங்க, பார்க்கறேன்" என்றான். அவர் திகைப்போடு போய் உட்கார்ந்து தட்டினார். பிழை வந்தது, எழுத்து முழுசாகப் போனது, திரும்பத் தட்டினார். அந்த வெள்ளைக் கட்டு விசைக்கும் காற்றுக்கும் இடையே ஏறி இறங்கியது. தம்பி திரையைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாற்காலி தாழ்வா இருக்கு" என்றான் கடைசியில். யாரிடமும் விடைபெறாமல் படியிறங்கிவிட்டான். மேசைமேல் கிடந்த அவன் விசைப்பலகையை அக்காதான் துணிப்பையில் எடுத்துப்போட்டாள். "யோசிச்சுச் சொல்றோங்க" என்றார் பதிப்பாசிரியர், கனிவாகவே. பிறகு அங்கிருந்து தகவல் எதுவும் வரவில்லை.

பேருந்தில் அவன் முன்வரிசையில் தனியே உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் பின்னறைக் கதவு மூடிக்கொண்டது. அன்று மாலை அஞ்சல்பெட்டியைத் திறக்கப் பார்த்தாள். கடவுச்சொல் தவறு என்று வந்தது. அவள் மறுபடி தட்டிப் பார்க்கவில்லை. பெரியண்ணனுக்கு நடந்தது இப்படித்தான் தொடங்கியது.

விசைப்பலகையை அவன் கதவோரம் வைத்தாள். காலையில் அது உள்ளே போயிருந்தது. அது மட்டும்தான் போயிற்று. அவள் வீட்டிலிருக்கும் நேரங்களில் கதவு திறக்கவில்லை. அவள் வேலைக்குப் போனபின் சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். கப்பலிலிருந்து கணவர் பேசியபோது அழுதேவிட்டாள்.

"பெரியண்ணன் ஆறு வருஷமா வரிசையில நிக்கிறாரு. நீ இப்பத்தானே வந்து நின்னிருக்கே? கொஞ்சம் உட்காரு, அடுத்து உன்னைத்தான் கூப்பிடுவான்" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவளையறியாமல் குரல் தாழ்ந்தது.

பின்னறையில் விசைகள் பல்லைக் கடிக்கும் சத்தம் சில நாள் இடைவிடாமல் கேட்டது. பிறகு நின்றுபோனது. சத்தம் கேட்டபோது பயந்தாள். நின்றபோது அதைவிடப் பயந்தாள்.

ஏப்ரல் 23, சனிக்கிழமை. வரவேற்பு மேசைக் கணினியில் நண்டு தன் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டது. அமைப்புகள் என்ற இடத்தில், பத்தாண்டுகளாக வெறுமையாக இருந்த பக்கத்தில், ஒரேயொரு கட்டம் முளைத்திருந்தது: 'எழுத்தைத் துண்டு துண்டாக அழி.' அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: 'இது தவறு. இருந்தாலும் வைத்திருக்கிறேன்.'

எதிரே நின்ற நோயாளி, "என்னம்மா, என் முறை வந்துடுச்சா?" என்றார். அவள் தப்பான பெயரைக் கூப்பிட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்டு, சரியான பெயரைக் கூப்பிட்டாள்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது பின்னறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் வாசலில் போய் நின்றாள்.

"ஆப்ஷன் வைக்கிறது கோழைத்தனம்னு யாரோ சொன்னாங்க."

"சொன்னேன். இப்பவும் அதான் சொல்றேன்."

"அப்புறம் எதுக்குடா வச்சே?"

"நீ என் பேர்ல வாக்குக் குடுத்துட்டே. என் பேரு பொய் சொல்லக் கூடாது."

அவன் திரும்பவில்லை. பச்சை எழுத்துகள் அவன் தோளுக்கு மேலே தெரிந்தன.

"கோவம் இருக்கா?"

"இருக்கு."

"எப்பத் தீரும்?"

"தீர்ந்தா சொல்றேன்."

"அதுவரைக்கும் பேசமாட்டியா?"

"இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்?"

அக்கா கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அவனே தொடர்ந்தான்.

"பாஸ்வேர்டு பழசையே போட்டுட்டேன். எழுதறதா இருந்தா உன் பேர்ல எழுது. நண்டுன்னு போடாதே."

"நீயே எழுதலாமேடா."

"எழுதிப் பார்த்தேன்" என்றான்.

அவள் தன் கணினியின் முன் போய் உட்கார்ந்தாள். பூப்படத்தின்மேல் அஞ்சல்பெட்டி விரிந்தது. மார்ச் 16 முதல் வந்தவை: 214. அனுப்பியவை: 1.