கங்கம்மா கடற்கரையில் என் மச்சினன்

ஆந்திரா தனி மாநிலமான மறு கோடையில் ஒரு சனி, ஞாயிறு நாங்கள் கடற்கரைக்குப் போனோம். நான், என் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், மனைவியின் தம்பி. சித்தூர்க்காரர்கள் சும்மா கடல் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அல்ல. எனக்கு அங்கே ஒரு காரியம் இருந்தது.

தமிழ் பேசும் குமாஸ்தாக்களிடம் அலுவலகத்தில் அப்போது ஒரே கேள்விதான்: சென்னைப் பக்கமா, இந்தப் பக்கமா? இந்தப் பக்கம் என்று நாம் சொன்னால் போதாது. இவரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சிபாரிசு செய்ய வேண்டும். சித்தூரில் என் வீடு பாதி கட்டியபடி நின்றது. வேலூருக்கு அப்பால் எனக்கு ஒருவரையும் தெரியாது. என் மேலதிகாரிக்கு நாயுடுபேட்டைக்குக் கிழக்கே, கடலோரத்தில் சொந்த ஊர். கங்கம்மா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள் என்று அவராகவே அழைத்தார். அங்கே அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்டுவிடலாம் என்று தீர்மானித்தேன். கேட்க வேண்டியதைத் தெலுங்கில் பலமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

திருப்பதியில் பஸ் மாறும்போது மச்சினன் ஏறிக்கொண்டான். அங்கே சோடாக் கடை வைத்திருந்தான், கலகலப்பான ஆள். அவனை நான் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பாலிஷ் போட்ட ஷூவும் மூடிய கோட்டுமாக நான் மணலில் இறங்கினேன். மேலதிகாரி மடித்துக் கட்டிய வேட்டியோடு வெறுங்காலில் நின்றிருந்தார். ஒரு ஷூவைக் கழற்றினால் நிற்க முடியவில்லை. கழற்றாவிட்டால் நடக்க முடியவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அன்றைய வெட்கம் அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதியத்துக்கு மேல் வேடிக்கைகள் தொடங்கின. கட்டுமரங்களில் பந்தயம் விட்டார்கள். ஈர மணலில் சடுகுடு நடந்தது. கரையோரம் ஒரு மர ராட்டினம். என் பெண்கள் அதை விட்டு இறங்கவே இல்லை. மேலதிகாரியின் தகப்பனார் எல்லோருக்கும் முன்னால் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஊருக்கே பெரியவர். ஒரு காலத்தில் சென்னையில் நெல் வியாபாரம் செய்ததால் தமிழும் தெரியும். அவருக்கு அடுத்தாற்போல் மேலதிகாரி, அதற்கடுத்து நான். சொந்தத் தெரு ஆட்கள் பந்தயத்தில் ஜெயித்ததில் மேலதிகாரி குஷியாக இருந்தார். இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன்.

அப்போது வேஷக்காரர்கள் வந்தார்கள். உடம்பெல்லாம் கரியும் சுண்ணாம்பும் பூசிய ஆண்கள், அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள். கடலை நோக்கி வரிசையாக நடந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் என் மச்சினன் இருந்தான்.

திருப்பதியில் கங்கம்மா திருவிழா வாரத்தில் வேஷம் போட்டவன் யாரை வேண்டுமானாலும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். பெரிய மனிதர்களைத்தான் தேடிப்போய்த் திட்டுவார்கள். திட்டு வாங்கியவர் கும்பிட்டுவிட்டுப் போவார். அம்மனுக்கு அது உகந்தது. மச்சினன் விவரம் தெரிந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் வேஷம் போடுகிறவன். இங்கேயும் கங்கம்மா, இங்கேயும் கரிவேஷம். அவனுக்கு வேறென்ன தோன்றும்? இந்த ஊரில் வேஷம் கட்டியவன் கடலில் முழுகும்வரை வாயே திறக்கக் கூடாது என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

நேராகப் பிரம்பு நாற்காலிக்கு முன் வந்து நின்றான். சுத்தமான திருப்பதித் தெலுங்கில் ஆரம்பித்தான். முதல் வசவு பெரியவரின் வயதைப் பற்றி. அடுத்தது அவர் தகப்பனைப் பற்றி. அதற்கடுத்ததை நான் டைரியில்கூட எழுதவில்லை.

சடுகுடு நின்றது. இரண்டு பேர் அவன் கையைப் பிடித்தார்கள். அவன் ஒன்றும் புரியாமல், சிரித்த முகமாக என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான்:

"இன்னா மாமா, நம்ம ஊருல மாதிரி இருந்துச்சா?"

கரையே என் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து ஒருவர், "அரவவாள்ளு" என்றார். தமிழர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். திட்டியதும் தெலுங்கு, வழக்கமும் தெலுங்கு ஊருடையது. ஆனால் அது எங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

எழுந்து நின்று, இது திருப்பதி வழக்கம், அம்மனுக்குப் பிரியமானது என்று என் தெலுங்கில் விளக்கினேன். மனப்பாடம் செய்து வந்த வாக்கியத்தின் சொற்கள் நடுவே வந்து கலந்தன. "தயவுசெய்து என்னை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதுபோல ஏதோ சொன்னேன்.

பெரியவர் தமிழிலேயே பதில் சொன்னார். "உங்க ஊருல உங்கப்பாவையும் திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க."

"அவரு குந்திக்கினு கேப்பாரா?"

அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். அந்த நாற்காலியில் அதன்பிறகு யாரும் உட்காரவில்லை. ராட்டினத்திலிருந்து பெரிய பெண், "நைனா, இங்க பாரு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மச்சினன் அலையில் உட்கார்ந்து கரியைத் தேய்த்தான். என் மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "போடா. நீ வாயத் தொறந்ததும் போதும், நாங்க வீடு கட்டினதும் போதும்."

"அக்கா, அவரு ஏன் கும்பிடல?" என்றான். உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பெரியவர் வரவில்லை. நான் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டேன். காரியத்தைப் பற்றிப் பேசவில்லை. நாயுடுபேட்டை வரை மேலதிகாரி வண்டியில் கூடவே வந்தார். பஸ் கிளம்பும் நேரம் ஜன்னலருகே குனிந்து, "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். நான் எழுதிடறேன். மா நாயனாவுக்கு, எங்கப்பாவுக்கு, மட்டும் தெரிய வேணாம்" என்றார். நான் கும்பிட்டேன்.

எழுதவும் செய்தார். நான் சித்தூரிலேயே இருந்தேன். வீட்டுக்குக் கூரையும் போட்டேன். அவர் மேஜையில் காகிதம் வைக்கும்போதெல்லாம் என் குரல் தேவைக்கு மேல் தாழ்ந்தது.

ஒரு மாம்பழக் காலத்தில் பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். மகனின் அறைக்குப் போகிற வழியில் என் மேஜை. தடியை ஊன்றி நின்றார்.

"இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

"ஆமாங்க."

அவர் என்னை விட்டுவிட்டு, அறைக்குள் இருந்த மகனைப் பார்த்தார். மேலதிகாரி தலையைக் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். பெரியவர் அறைக்குள் போகாமல் திரும்பி நடந்தார்.