பூனைக்குப் படக்கதை போடுற கடை

மனுஷனைப் படம் வரைஞ்சா அந்த ஒரு ஆளுக்குப் பதில் சொன்னாப் போதும். பூனையை வரைஞ்சா குடும்பத்துக்கே பதில் சொல்லணும். அதுதான் என் தொழில். அடுத்தவங்க மனசுல இருக்கிறதைச் செஞ்சு குடுத்துட்டு, "நான் சொன்னது இது இல்லையே"ன்னு பேச்சு வாங்குற டெய்லர், போட்டோகிராபர், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்க எல்லாரும் நம்ம கட்சி. படிச்சா உங்களுக்கே புரியும்.

தேனியில ஒரு ஃப்ளெக்ஸ் கடையில டிசைனரா இருக்கேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவா இருந்தாலும் போட்டோவுல தலையை வெட்டி எடுத்து, பின்னாடி பூவைப் போடுறதுதான் வேலை. ஜப்பான்காரங்க மங்கான்னு படக்கதை போடுவாங்கள்ல, அதுல பூனையும் அதை வளர்க்கிறவங்களும் வர்ற கதைன்னா எனக்கு உசுரு. அதுல பெருசா ஒன்னும் நடக்காது. பூனை கோவிச்சுக்கும், திரும்பி வரும், மடியில படுக்கும், படிக்கிற நமக்குத் தொண்டை அடைக்கும். அதே மாதிரி எங்க கடைப் பூனையை வரைஞ்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டேன். அவ்வளவுதான், எங்க வீட்டுப் பூனைக்கும் ஒன்னு போட்டுக் குடுன்னு ஆளாளுக்கு வர ஆரம்பிச்சுட்டாக. இப்பக் கடையில ஃப்ளெக்ஸ் பாதி, பூனை பாதி.

ஒல்லியா வரை தாயி

மலையடியில பவர்ஹவுஸ் இருக்கிற லோயர் கேம்ப்புல இருந்து பாண்டியராசன் ஐயா வந்தாரு. கரண்ட் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. வீட்டம்மா தவறிப்போயிட்டாக. ஒரே மகன், தேனியில புது வீடு கட்டி மனைவியோட இருக்கான். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லியாச்சு, மகன் வா வாங்கிறான், இவரு அங்கனயே தனியா இருக்க வாடகை வீடு தேடிக்கிட்டு இருக்காரு. ஏன்னு கேட்டா ஃபியூஸ். ஃபியூஸ்ங்கிறது அவரு பூனை. அது வீட்டுக்குள்ள நுழைஞ்ச அன்னைக்குக் கரண்ட் போயிருச்சாம், அந்தப் பேரே நிலைச்சிருச்சு. மருமகளுக்குப் பூனை ஆகாதாம். பூனையை விட்டுட்டு இவரு நகர மாட்டாராம்.

அதனால மருமக மனசு இளகுற மாதிரி ஒரு புத்தகம் போட்டுக் குடுன்னாரு. பூனையும் வரட்டும்னு அவ ஒரு வார்த்தை சொல்லிட்டா இவரும் வந்துருவாராம். கதையையும் அவரே சொன்னாரு. தேனி வீட்டு வாசல்ல மருமக விளக்குமாத்தோட நிக்கிறா, ஃபியூஸ் தெருவுல மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்குது. ஆகாதுன்னு அவங்க வாயால சொன்னாங்களா ஐயான்னு கேட்டேன். அதெல்லாம் மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்னுட்டு ஃபோன்ல பூனை போட்டோவைக் காமிச்சாரு. அண்டா மாதிரி உக்காந்திருந்துச்சு. அவரும் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. "கொஞ்சம் ஒல்லியா வரை தாயி, விலா எலும்பு தெரியட்டும். இப்படியே வரைஞ்சா அவளுக்கு எப்படிப் பாவம் வரும்?"

கடைசில எதுக்கு விரட்டுனோம்?

ராயப்பன்பட்டியில திராட்சைத் தோட்டம் வச்சிருக்கிற சவரிமுத்து அண்ணனுக்குப் போட்டதுதான் என் முதல் ஆர்டர். நான் பெரிய ஜப்பான் மேதாவி, அவங்க மாதிரியே வலது பக்கத்துல இருந்து இடது பக்கமாப் படிக்கிற மாதிரி வரைஞ்சு வச்சுட்டேன். திட்டு வாங்குன பூனை வீட்டை விட்டு வெளியேறுது, மழையில நனையுது, கதவைப் பிராண்டுது, கடைசில அண்ணன் மடியில தூங்குது. இதுதான் கதை. எழுத்தே கிடையாது, வெறும் படம்தான்.

அண்ணனும் மதினியும் நம்ம ஊரு வழக்கப்படி இடது பக்கத்துல இருந்து பார்த்துட்டே போனாக. மடியில தூங்குறதைப் பார்த்துச் சிரிச்சாக. கதவுகிட்ட வந்ததும் சிரிப்பு நின்னுருச்சு. மழை வந்ததும் மதினி முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாக. கடைசிக் கட்டத்துல பூனை வாலைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டுப் போகுது. அண்ணன் பாவமா என்னைப் பார்த்தாரு. "எல்லாம் அச்சு அசலா இருக்கு பாப்பா. ஆனா இம்புட்டுச் செல்லம் குடுத்துட்டு, கடைசில எதுக்கு நாங்க அதை அடிச்சு விரட்டுனோம்?"

முன் சீட்டு

போடியில இருந்து தினமும் காலையில ஏலக்காய் எடுக்கப் பொம்பளைகளை ஏத்திக்கிட்டு ஜீப்பு மலைக்குப் போகும்ல, அதுல ஒரு ஜீப்புக்குப் பூனை உண்டு. காலையில தானா ஏறி உக்காரும். மேல கேரளா எஸ்டேட்டுல இவங்க வேலை பார்க்குற வரைக்கும் செடிக்கு அடியில தூங்கும். சாயங்காலம் தானா ஏறி இறங்கி வந்துரும். ஒருநாள் வரலைன்னா அன்னைக்கு டிரைவர் வண்டியை எடுக்க மாட்டாராம், மேல இருக்கிற சூப்பர்வைசரும் முதல்ல "பூச்ச எவிடே?"ன்னு பூனையைத்தான் கேட்பாராம்.

அந்த ஜீப்புல போற முத்துலட்சுமி அக்கா எல்லாருக்கும் பொதுவா ஒரு படம் கேட்டு வந்தாக. பின்னாடி மலை, ஏலச்செடி, நடுவுல பெருசா பூனை, சுத்திச் சின்னச் சின்னதா இவங்கன்னு ஆசை ஆசையா வரைஞ்சேன். அக்கா இடுப்புல கை வச்சுப் பார்த்தாக. குனிஞ்சு காய் எடுத்தது நாங்களா இந்தப் பூனையான்னு கேட்டாக. சரி, திட்டு ஆரம்பிச்சிருச்சு, இனி திருப்பி வரையணும்னு பேனாவை எடுத்தேன். அதுக்குள்ள அவங்களே சிரிச்சுட்டாக. "சரி விடு. ஜீப்புலயும் முன் சீட்டு அதுக்குத்தான், எங்களுக்குப் பின்னாடிதான்."

மழை பத்தல

பாண்டியராசன் ஐயாவுக்கு மாதிரிப் பக்கம் போட்டு வச்சிருந்தேன். பார்க்க வந்தவரு கடைப் படியில கையை ஊனி உக்காந்துட்டாரு. பஸ்ஸுல வந்தது கிறுகிறுன்னு இருக்குன்னாரு. சோடா வாங்கிக் குடுத்தேன். இந்த வயசுல அங்கன தனியா எதுக்கு ஐயா கிடந்து சிரமப்படுறீங்க, பேசாம மகன் வீட்டுக்கு வந்துருங்களேன்னு எனக்கே வாயில வந்துருச்சு. தனியா எங்க இருக்கேன், ஃபியூஸ் இருக்குல்லன்னு சட்டுன்னு பதில் வந்துச்சு. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறாராம், அதுக்குள்ள புத்தகம் மருமக கைக்குப் போயிரணுமாம். எனக்கு மனசு கேக்கல. ராத்திரி தலை சுத்துனா பூனையா ஆட்டோ கூப்பிடும்? ஆனா நம்ம வாடிக்கையாளர்கிட்ட அதையெல்லாம் சொல்ல முடியுமா? அவரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. "எலும்பு தெரியுது, நல்லது. ஆனா மழை பத்தல தாயி."

வெள்ளிக்கிழமை விரதம்

போடி பஜார்ல ஒரு மளிகைக்கடை முதலாளி வந்தாரு. அவரு கடைப் பூனை பேரு மணி. தெய்வாம்சம் உள்ள பூனையாம். வெள்ளிக்கிழமை ஆனா கடைப் பக்கமே வராதாம், வச்ச சோறு அப்படியே கிடக்குமாம், விரதமாம். அதைக் கட்டாயம் கதையில வைக்கணும்னாரு. நெத்தியில விபூதியோட வரைஞ்சு வச்சேன்.

அதே வாரம் அதே பஜார்ல இருந்து சாமுவேல் அண்ணாச்சி வந்தாரு, பாத்திரக்கடை. அவரு பூனை பேரு ஜானி. ஞாயித்துக்கிழமையை அப்படி அனுசரிக்குமாம். குடும்பமே சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பார்த்தாலும் வாசல்ல இருக்காதாம், ஓய்வுநாளாம். சரின்னு போட்டோவைப் பார்த்தா வலது காதுல மணிக்கு இருக்கிற அதே கிழிசல். அப்புறம்தான் எனக்கு உரைச்சுச்சு. வெள்ளிக்கிழமை மளிகைக்கடையில வெறும் சாம்பார் சோறு, அண்ணாச்சி வீட்டுல மீன் குழம்பு. ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி கடை பூட்டு, மளிகைக்கடைக்காரரு வீட்டுல கறி. சொல்லலாமா வேண்டாமான்னு எங்க முதலாளியைக் கேட்டேன். அவரு கல்லாவை விட்டுத் தலையே தூக்கல. "ரெண்டையும் தனித்தனி கவர்ல போட்டுக் குடு. பூனையோட பக்தியில நம்ம தலையிட வேண்டாம்."

முடி

வடுகபட்டி பூண்டு வியாபாரி வீட்டம்மா, புருஷனும் பூனையும் பூண்டு மூட்டை மேல தூங்குற மாதிரி கேட்டிருந்தாக. வரைஞ்சதை வாங்கிப் பார்த்துப் பூனை பிரமாதம்னாக. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டாக. "பூனைக்கு ஒவ்வொரு முடியா இழுத்து இழுத்துப் போட்டிருக்கீங்கள்ல, அதுல நாலை எடுத்து எங்க வீட்டுக்காரரு தலையிலயும் போட்டா என்ன?"

இந்த விளக்குமாறு யாருது?

பாண்டியராசன் ஐயா புத்தகத்தை வாங்கிட்டுப் போன கொஞ்ச நாள்ல ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு. ஸ்கூல் டீச்சர்னு பார்த்தாலே தெரிஞ்சுச்சு. கைப்பையில இருந்து என் புத்தகத்தை எடுத்து மேஜை மேல விரிச்சு வச்சுச்சு. விளக்குமாத்துப் பக்கம். இங்கன விளக்குமாறு பிடிச்சிருக்கிறது நான்தானான்னு கேட்டுச்சு. எனக்கு வேர்த்துப்போச்சு. ஐயா சொன்னதைத்தாங்க போட்டேன்னேன்.

திட்டும்னு பார்த்தேன். அது ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்திருச்சு. பேரு நிர்மலா. பூனை ஆகாதுன்னு அது சொன்னதே இல்லையாம். வீடு கட்டும்போதே ஆசாரியைக் கூப்பிட்டு, அடுப்படிப் பின்கதவுல கீழ ஒரு ஓட்டை போட்டு, பூனை போக வரச் சின்னக் கதவு வச்சிருக்காம். புதுக் கதவை யாராச்சும் அறுப்பாகளான்னு ஆசாரி சிரிச்சாராம். மாமாவுக்கு அந்த ஊரை விட்டு வர மனசு இல்லை, அதைச் சொல்ல முடியாமத் தெனம் ஒரு சாக்கு சொல்றாகன்னுச்சு. முதல்ல பேங்க்கு கணக்கு மாத்தணும்னாகளாம், அப்புறம் தேனித் தண்ணி ஒத்துக்காதுன்னாகளாம், இப்பப் பூனை. போன மாசம் குளியலறையில மயங்கி விழுந்திருக்காரு. பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லித்தான் இதுகளுக்கே தெரியுமாம். அதைச் சொல்லும்போது அந்தப் பொண்ணுக்குக் கண்ணு கலங்கிருச்சு. எங்க அப்பா இப்படித்தான் தனியா இருந்து போனாக, இன்னொரு தடவை அப்படி ஒரு ஃபோன் வந்தா என்னால தாங்க முடியாதுன்னுச்சு.

நான் பேனாவை எடுத்தேன். அதே பூனையை வச்சே இன்னொரு புத்தகம் போடுவோமாங்கன்னு கேட்டேன். ஃபியூஸ் சொல்ற மாதிரி. வாடகை வீட்டைப் பார்த்து மூஞ்சியைச் சுழிச்சுட்டு ஃபியூஸே தேனிக்குக் கிளம்புது. பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காருது. தேனி வீட்டுப் பின்பக்கம் போயி அந்தச் சின்னக் கதவைத் தலையால முட்டித் திறக்குது. உள்ள போயி ஒரு சுத்துச் சுத்திட்டு, திரும்ப வந்து கதவு வழியா வெளியே எட்டிப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கு. யாரோ இன்னும் வரணும்ங்கிற மாதிரி. அதோட முடிச்சிருவோம், எழுத்தே வேண்டாம்னேன். நிர்மலா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, பூனையை இந்தத் தடவை அண்டாவாவே போடச் சொல்லுச்சு. கிளம்பும்போது திரும்பி வந்துச்சு. "என் கையில இருக்கிற விளக்குமாறை மட்டும் எடுத்துட்டு, கருவாட்டைக் குடுத்துருங்க."

துணைக்கு

புத்தகத்தை நிர்மலா தபால்ல அனுப்பிருச்சு. ஒரு வாரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒருநாள் மத்தியானம் பாண்டியராசன் ஐயா கடைக்குள்ள வந்தாரு. ஒரு கையில துணிப்பை, இன்னொரு கையில மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள்ள இருந்து ஃபியூஸ் என்னை முறைச்சுச்சு. போட்டோவுல பார்த்ததை விடக் குண்டு.

கூடையை மேஜையில வச்சுட்டு என் புத்தகத்தை எடுத்தாரு. கடைசிப் பக்கத்துல விரலை வச்சாரு. இந்தச் சின்னக் கதவு நீயா யோசிச்சுப் போட்டதா தாயின்னு கேட்டாரு. இல்லைங்கய்யா, நெசமாவே இருக்குன்னேன். எப்பப் போட்டாகளாம்னு கேட்டாரு. வீடு கட்டும்போதேன்னேன். வீடு கட்டும்போதேவான்னு திருப்பிக் கேட்டாரு. ஆமாங்கய்யா, உங்களை வரச் சொல்லிக் கேக்குறதுக்கு முன்னாடியேன்னேன். தோள்ல கிடந்த துண்டை எடுத்து முகத்தை நல்லா அழுத்தித் துடைச்சுக்கிட்டாரு. வாடகை வீட்டை வேண்டாம்னு சொல்லிட்டாராம்.

மகன் வீட்டுக்கு ஆட்டோ பிடிச்சுக் குடுத்தேன். கூடையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தவரு, நான் சிரிக்கிறதைப் பார்த்துட்டு விறைப்பா ஆயிட்டாரு. "நீ ஒன்னும் நினைச்சுக்கிறாத தாயி. இந்தப் பய தேனிக்குப் போயே தீரணும்னு அடம் பிடிக்கிறான், நான் சும்மா துணைக்குத்தான் போறேன்."

பூனைக்குத்தான் கதை வேணும்னு சொல்லி எல்லாரும் வர்றாக, ஆனா இத்தனை கதை போட்டதுல எதுவுமே வேண்டாம்னு இருந்தது பூனை மட்டும்தான்.