அக்காவின் கிளிக்கர்

என் அக்காவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. கொக்கியில் தொங்கி வரும் மாட்டுத் தொடைகளை நாள் முழுக்க எலும்பிலிருந்து அறுத்தெடுப்பாள். தோளும் மணிக்கட்டும் இரும்பு. அந்தத் தெம்பில்தான் வில்வித்தை கிளப்பில் சேர்ந்தாள். அம்புகளோ பலகையைத் தவிர மற்ற இடமெல்லாம் குத்தி நின்றன. அவமானம் தாங்காமல் வில்லுக்கு ஒவ்வொன்றாகப் பூட்டத் தொடங்கினாள். குறி பார்க்க ஒரு சைட், கை ஆட்டத்தை அடக்க முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, விரலுக்குத் தோல் உறை.

"கல்யாணப் பொண்ணு கூட இவ்வளவு போட்டுக்க மாட்டாக்கா" என்று கேலி செய்வேன்.

கடைசியாக வந்தது கிளிக்கர். அம்பின் மேல் படிந்திருக்கும் மெல்லிய தகடு அது. நாணை முழு அளவுக்கு இழுத்ததும் அம்பு முனை அதன் அடியிலிருந்து நழுவும். தகடு வில்லில் 'டக்' என்று அடிக்கும். அந்த நொடியில் நாணை விட வேண்டும். எல்லா அம்புக்கும் ஒரே இழுப்பு, யோசனைக்கு இடமே கிடையாது. வேலை விட்டு வந்ததும் கூடத்தில் வைக்கோல் பலகை முன்னால் கண்ணை மூடிக்கொண்டு பழகுவாள். போகப்போகச் சத்தம் கேட்டாலே விரல் திறந்தது. அம்புகள் பலகையின் நடு மஞ்சள் வட்டத்தில் மொய்த்தன.

எங்கள் அண்ணனைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. லாரி ஓட்டினான், வீட்டுக்கு வந்தால் யார் மேலாவது கை வைக்காமல் போகமாட்டான். என் முன்பல் இரண்டு போனது அவன் உபயம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று சாப்பாடு ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான். அம்மாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து அடுப்பு மேடையில் முகத்தை மோதினான். மூக்கு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே போன என்னை வயிற்றில் மிதித்தான். கூடத்தில் பழகிக்கொண்டிருந்த அக்கா வில்லும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மாவ விடு. வெளிய போ."

"விளையாட்டுச் சாமான காட்டி மிரட்டுறியா? எங்க, அடி பாப்போம்!" அம்மாவின் தலையை மறுபடியும் தூக்கினான்.

அக்கா இழுத்தாள். தகடு அடித்தது. அம்பு அவன் தொண்டையில் நுழைந்து பின்கழுத்தில் வெளியேறி, அலமாரிக் கதவோடு அவனைத் தைத்தது. வாயிலிருந்து ரத்தம் கொப்பளித்து அம்மாவின் முதுகில் கொட்டியது. கால்கள் தரையை உதைத்து உதைத்து ஓய்ந்தன.

கொலை வழக்கு போட்டார்கள். கை தானாக விட்டுவிட்டது என்று அக்கா சொன்னபோது எங்கள் வக்கீலே நம்பவில்லை. தன் அறையிலேயே வைக்கோல் பலகையை நிறுத்தச் சொன்னார்.

"என்ன ஆனாலும் விடாதீங்கம்மா. சும்மா இழுத்துப் பிடிங்க."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தகடு அடித்தது, அம்பு பறந்தது. எத்தனை தடவை செய்தாலும் அதே கதை. வக்கீலுக்குக் குஷியில் தலைகால் புரியவில்லை. நீதிபதி முன்னாலும் அப்படியே செய்து காட்டினோம். கிளப்காரர்களும் வந்து அது அப்படித்தான் என்றார்கள். விபத்து என்று தீர்ப்பானது.

திரும்பும்போது வாடகைக் காரின் பின்சீட்டில் அம்மாவை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தோம்.

"பாழாப்போன தகடு மட்டும் இல்லேன்னா நீ விட்டிருக்க மாட்ட, இல்லக்கா?" என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிரட்டுறதுக்குப் பாதி இழுத்தா போதும்டா. தகடு விழுந்தா கை நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கடைசி வரைக்கும் இழுத்தேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். உடனே அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நடுவில் இருப்பது அவனைப் பெற்றவள் அல்லவா?

அம்மா அக்காவின் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

"மெதுவா பேசுடி" என்றாள். "டிரைவர் காதுல விழப்போகுது."