அப்பா எடுத்துவிட்ட முதல் பந்தி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் பணிவான வணக்கம். அண்ணன் வெளிநாட்டில் இருப்பதால் இந்த நினைவுக் குறிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கைக்குழந்தை உறங்கும் நேரத்தில் எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். எதைச் சொன்னால் யார் மனம் நோகுமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பர்மாவில், யாங்கோனுக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள தன்லியினில் பிறந்தார். எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த தம் தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். பகலில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றார். யாங்கோன் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை, பன்சோடான் தெரு நடைபாதையில் விற்கும் பழைய புத்தகங்கள். அதிலும் அமெரிக்க வரலாறு என்றால் விடமாட்டார்.

“ஏம்ப்பா, நமக்கும் அமெரிக்காவுக்கும் என்ன?” என்று நான் கேட்பேன்.

“நம்ம ஊர் வரலாறு பேசினா டீக்கடையில பக்கத்து மேசைக்காரன் பயந்து எழுந்து போயிருவான். அமெரிக்கா வரலாறு பேசினா அவனே டீ வாங்கித் தருவான்” என்பார்.

அந்த நாட்டு அரசியல் முழுவதையும் இரண்டு பர்மியச் சொற்களில் அடக்கிவிடுவார். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: லூடு என்றால் பொதுமக்கள், லூஜீ என்றால் பெரிய மனிதர். ரயில் கம்பெனிகளும் வங்கிகளும் தங்களைப் பிழிகின்றன என்று சமவெளி விவசாயிகள் தனிக்கட்சி கட்டியது, பெரிய கட்சி ஒன்று அவர்கள் கோரிக்கையை எடுத்துக்கொண்டு அவர்களையே கரைத்துவிட்டது, எல்லாமே அவருக்கு லூடுவுக்கும் லூஜீக்கும் நடந்த சண்டைதான்.

அவருக்கு மிகவும் பிடித்த கதை, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முந்தையது. படைத்தளபதியாக இருந்த ஒருவர், சாதாரண மக்களின் ஆள் என்று சொல்லி வென்று அதிபரானார். பதவியேற்ற அன்று வெள்ளை மாளிகைக் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. கூட்டம் சேற்றுக் காலணியோடு பட்டு நாற்காலிகளில் ஏறி நின்றது, பீங்கான் பாத்திரங்கள் நொறுங்கின. அதிபரே தப்பி வெளியே போக வேண்டியதாயிற்று. கடைசியில் மதுத் தொட்டிகளைப் புல்வெளிக்குக் கொண்டுபோனார்கள், கூட்டமும் பின்னாலேயே போயிற்று. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு அப்பா குரலைத் தாழ்த்துவார். “அதே ஆள்தான் பழங்குடி மக்களை அவங்க நிலத்தைவிட்டு விரட்டினாரு. லூடு லூடுன்னு ஒருத்தர் கூவினா, அதுல யாரைச் சேர்க்கலைன்னு பாரு பாப்பா. நம்மள மாதிரி வந்து குடியேறினவங்க அதைப் பார்த்தே ஆகணும்.”

அடுத்ததை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “நடந்ததுதானே, எழுது” என்றார்கள்.

எங்கள் தன்லியின் கோயிலில் ஆடித் திருவிழா அன்னதானத்தில் முதல் பந்தி நிர்வாகிகளின் குடும்பங்களுக்கு மட்டும். நாங்களே அதை லூஜீ பந்தி என்போம். அம்மாவின் அண்ணனான எங்கள் மாமாவின் குடும்பம்தான் தலைமுறையாக நிர்வாகம் பார்த்தது. சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகத் தேர்தலில் அப்பா மாமாவை எதிர்த்து நின்றார். யாங்கோனின் மறுகோடியில் உள்ள லைங் தாயா ஆலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளெல்லாம் வந்து ஓட்டுப் போட, அப்பா வென்றார். “அடுத்த வருசம் நாங்க தனியா ஒரு திருவிழா நடத்திக்கிறோம்” என்று மாமா சொல்லிவிட்டார். இருக்கிற கொஞ்சம் பேரும் இரண்டாகப் பிரிந்துவிடுவோமோ, அம்மாவுக்குப் பிறந்த வீடே இல்லாமல் போய்விடுமோ என்று நான் தவித்தேன்.

திருவிழா அன்று நல்ல மழை. “இனிமே முதல் பந்தி கிடையாது, யார் வேணாலும் உட்காரலாம்” என்று அப்பா மண்டபக் கதவுகளைத் திறக்கச் சொன்னார். அவ்வளவுதான். சேற்றுக் கால்களோடு கூட்டம் உள்ளே பாய்ந்தது. இலைகள் மிதிபட்டன, சாம்பார் வாளி கவிழ்ந்தது. வயதானவர்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். என் மூத்த மகளைத் தூக்கிக்கொண்டு நானும் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

வாசலில் குடை பிடித்து நின்ற மாமா கேட்டார்: “என்ன மாப்பிள்ளை, உங்க லூடு சோறு திங்குதா, மண்டபத்தைத் திங்குதா?”

அப்பா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “பாப்பா, அந்த வெள்ளை மாளிகைதான்!” என்றவர், பாயச அண்டாவை வெளியே கொட்டகைக்குத் தூக்கச் சொன்னார். பாதிக் கூட்டம் அதன் பின்னாலேயே போயிற்று. பிறகு மழையில் நனைந்துகொண்டே மாமாவிடம் போனார்.

“மச்சான், கதவைத் திறந்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா பந்தி நடத்தத் தெரிஞ்ச மனுசனை வெளிய நிறுத்திட்டேன். உள்ள வாங்க.”

“நான் வந்தா முதல் பந்தியும் கூடவே வரும்.”

“அது வேணாம். நீங்க மட்டும் வாங்க. ரெண்டு பேரும் பரிமாறுவோம். கடைசியில சேர்ந்து சாப்பிடுவோம்.”

அம்மா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமா குடையை மடக்கினார், லுங்கியைத் தூக்கிக் கட்டினார். “யார்ரா அது பாய் மேல நிக்கிறது? இறங்கு! பெரியவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க!” அந்தக் குரலுக்கு மண்டபம் அடங்கியது. “தோத்தவருக்குத்தான் குரல் இருக்கு” என்று மாமாவின் மனைவியான எங்கள் அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தனித் திருவிழாப் பேச்சு அன்றோடு நின்றது. அன்றுமுதல் எங்கள் கோயிலில் நிர்வாகிகள் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறார்கள். அதன்பின் யாராவது அப்பாவை லூஜீ என்று கூப்பிட்டால், “ஜெயிச்ச மறுநாளே வர்ற வியாதி அது, எனக்கு ஒட்டவெச்சிராதீங்க” என்பார்.

நோய் வந்த பிறகும் அப்பா அதிகம் படுக்கவில்லை. கடைசி வாரங்களில் என் மகள் ‘போபோ’, அதாவது தாத்தா, என்று கூப்பிட்டுப் பர்மியத்தில் பேசுவாள், அவர் தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. அமைதியாகவே போனார்.

நன்றி சொல்லும்போது நிர்வாகிகளை முதலில் குறிப்பிடுவதே முறை என்று சிலர் சொன்னார்கள். அப்பாவைக் கேட்க முடியாது. வெகுநேரம் யோசித்து, அப்பா போன அன்று எங்கள் வீட்டுக்கு வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அம்மாவின் கையைப் பிடித்தபடி முதலில் வந்து உட்கார்ந்தவர் எதிர்வீட்டுப் பர்மியப் பெண்மணி டோ எய். பிறகு ஆலைப் பேருந்தைப் பாதி வழியில் விட்டு இறங்கி வந்த லைங் தாயாப் பெண்கள். அப்பாவின் அலுவலக நண்பர்கள். கோயில் நிர்வாகிகள். அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மாமாவுக்கு என் நன்றி கடைசியில்தான் வருகிறது. கீழே தெருவில் நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் நாற்காலியும் தேநீரும் கொடுத்து, திரும்பிப் போக வண்டியும் பேசி வைத்துவிட்டுத்தான் அவர் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் படியேறினார். அப்பாவின் காலடியில் நின்று சொன்னார்:

“எல்லாரையும் பார்த்து முடிச்சுட்டேன் மாப்பிள்ளை. நான்தான் கடைசி.”